வாடகை வீடு தீப்பிடித்தால்: ஒப்பந்தம் என்ன ஆகும், காப்பீடு யாருக்குச் சேரும்?

உறைபனி மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடு எரிந்த செய்தி வந்தால், அடுத்த சில நாட்களுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் சுற்றி வரும். இங்குள்ள பழைய வீடுகளில் தரை மரப்பலகை, சீலிங் மரம், கூரை தகரம். உள்ளே ரூம் ஹீட்டர், கீசர், சில வீடுகளில் இன்னும் கணப்பும் கரி அடுப்பும். பிடித்தால் வேகமாகப் பரவும். எரிந்தது வாடகை வீடாக இருந்துவிட்டால், தீ அணைந்த மறுநாளே குழப்பம் தொடங்கிவிடுகிறது. அடுத்த மாத வாடகை உண்டா? அட்வான்ஸ் யாருக்கு? வீட்டுக்காரரின் பாலிசியில் குடியிருந்தவரின் பீரோவுக்கும் டிவிக்கும் பணம் வருமா? திரும்பக் கட்டிய வீட்டை அதே ஆளுக்கே விட வேண்டுமா?

இந்தக் கேள்விகளுக்குச் சட்டத்திலும் பாலிசியிலும் ஓரளவு தெளிவான பதில்கள் இருக்கின்றன. மூன்று தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தகராறு வருகிறது.

1. ஒப்பந்தக் கணக்கு. வாடகை உறவு தொடர்கிறதா, முடிகிறதா? இது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் உள்ளது.
2. காப்பீட்டுக் கணக்கு. எரிந்ததற்கு நிறுவனம் எவ்வளவு தரும்? இது பாலிசி எடுத்தவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் உள்ளது.
3. தவறுக் கணக்கு. தீ யாருடைய கவனக்குறைவால் வந்தது? முதல் இரண்டு கணக்குகளையும் இது தொடும், ஆனால் அவற்றின் இடத்தைப் பிடிக்காது.

விளக்கத்துக்காகக் குன்னூரில் ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓட்டு வீடாக இருந்து தகரம் மாற்றிய பழைய வீடு, மரச் சீலிங், மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 27,000. ஜனவரி இரவில் ஒரு படுக்கையறையும் அதன் மேல்கூரையும் எரிந்துவிட்டன. யாருக்கும் காயமில்லை.

தீ விபத்து வாடகையைத் தானாக முடிக்காது

"வீடே போச்சு, இனி என்ன அக்ரிமென்ட்" என்றுதான் பல வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

இங்கே இரண்டு சட்டங்கள் வருகின்றன. ஒன்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். மற்றொன்று தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. ஊராட்சிப் பகுதிகளில் உள்ள மலைக் கிராம வீடுகளுக்கு 1882-இன் சட்டமே அடிப்படை.

தீ விபத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அது சொல்வது இதுதான்:

1. தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் சொத்தின் முக்கியமான பகுதி முழுவதும் அழிந்தாலோ, எதற்காக விடப்பட்டதோ அதற்கு நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு.
2. அந்த உரிமை அவருடையது மட்டுமே. வீட்டுக்காரர் இதே பிரிவைக் காட்டி "முடிந்துவிட்டது, காலி செய்" என்று சொல்ல முடியாது.
3. தீ குடியிருப்பவரின் தவறால் வந்திருந்தால், இந்தச் சலுகையை அவர் கோர முடியாது.

நம் குன்னூர் வீட்டில் ஒரு அறைதான் எரிந்திருக்கிறது. கூரையைச் சரிசெய்தால் வீடு பழையபடி ஆகிவிடும். அது நிரந்தரமாகப் பயன்படாமல் போனதாகாது. ஆகவே ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. குடியிருப்பவர் அண்ணன் வீட்டில் போய்த் தங்கியிருந்தாலும், சாவி அவரிடம் இருக்கிறது, பாதி கருகிய சாமான் உள்ளே இருக்கிறது, சட்டப்படி வீடு அவர் வசம்தான். ஆள் இல்லாதபோது பூட்டை மாற்றுவதும் சாமானை வெளியே எடுத்துப் போடுவதும் வீட்டுக்காரரைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்.

வீடு மொத்தமாக எரிந்து தரைமட்டமானால்? இதில் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு மாறியிருக்கிறது. 2000-இல் வந்த ஒரு தீர்ப்பு, கட்டடம் அழிந்தால் வாடகை உரிமையும் அழியும் என்றது. 2014-இல் ஷாஹா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. வீட்டை வாடகைக்கு விடும்போது அது நிற்கும் நிலமும் சேர்ந்தே விடப்படுகிறது, கட்டடம் போனாலும் நிலத்தின் மீதான உரிமை போகாது என்று அந்த அமர்வு சொல்லிவிட்டது. ஆகையால் குடியிருந்தவர் "எனக்கு வேண்டாம், ஒப்படைத்துவிட்டேன்" என்று எழுத்தில் கொடுக்காமல் வீட்டை இடித்துக் கட்டினால், புது வீட்டின் மீது அவர் உரிமை கேட்க இடமிருக்கிறது. சாவி ஒப்படைப்புக் கடிதம் ஒன்று, தேதியோடு, இருவர் கையெழுத்தோடு வாங்கிவைக்க வேண்டும். ஒரு பக்கக் காகிதம்தான், பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கும்.

குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறார், ஆனால் ஆள் இருந்தால் பழுதுபார்க்க முடியாது என்றால், 2017-இன் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யலாம். பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் வீடு தேவை என்பது அங்கே ஏற்கப்பட்ட காரணம்.

எரிந்த வீட்டுக்கு வாடகை

சொத்து மாற்றுச் சட்டத்தில் "தீப்பிடித்தால் வாடகை நிற்கும்" என்று வரி கிடையாது. குடியிருப்பவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தால் வாடகை முடியும். செய்யாவிட்டால், கண்டிப்பாகப் பார்த்தால் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். இது நியாயமாக இல்லை என்பதை மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. தீ போன்ற பேரிடரால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், அதைச் சரிசெய்யும்வரை வாடகை வாங்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அது மாநிலங்களுக்கான மாதிரிதான், தமிழ்நாட்டில் தானாகச் செல்லாது. ஆனால் ஒப்பந்தத்தில் அதே போல ஒரு வரி எழுதிக்கொள்ள யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்காரர்கள் பொதுவாகக் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. பாலிசியில் வாடகை இழப்புக்கும் காப்பீடு இருந்தால், வாடகை நின்றுவிட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும். குடியிருந்தவரிடம் மாதாமாதம் கேட்டுக்கொண்டே, நிறுவனத்திடமும் வாடகை போச்சு என்று சொல்ல முடியாது. "இந்தத் தேதி முதல் வீடு குடியிருக்கத் தகுதியில்லை, பழுது முடியும்வரை வாடகை இல்லை" என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் குடியிருப்பவருக்கும் நிம்மதி, வீட்டுக்காரரின் கிளெய்முக்கும் ஆதாரம்.

மொத்தத் தொகை வாங்கி லீஸுக்கு விட்ட வீடுகளில் நிலைமை வேறு. 5 லட்சமோ 8 லட்சமோ வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் விடும் வழக்கம் இங்கும் உண்டு. அங்கே நிறுத்துவதற்கு வாடகையே இல்லை. குடியிருப்பவர் வெளியேறினால் முழுத் தொகையும் அவருக்குத் திரும்ப வேண்டிய கடன். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் பெரும்பாலும் ஏற்கெனவே மகள் கல்யாணத்துக்கோ வேறு கடனுக்கோ செலவழித்திருப்பார். எரிந்த வீட்டைப் பார்த்து அடுத்த ஆள் லீஸுக்கு வரமாட்டார். காப்பீட்டுப் பணம் சுவருக்கும் கூரைக்கும் வருவது, இந்தக் கடனை அடைக்க வருவதல்ல. வாடகை இழப்புக் காப்பீடும் இங்கே உதவாது. தீ விபத்தில் மிகவும் நசுங்குவது இந்த வகை வீட்டுக்காரர்தான் என்பது என் கணிப்பு. லீஸுக்கு விட்டவர்கள் அந்தத் தொகையில் ஒரு பங்கையாவது வங்கியில் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

அட்வான்ஸில் கை வைக்கலாமா

2017-இன் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

பாக்கி என்றால் வாடகை நிலுவை, மின்கட்டணம், அவர் பொறுப்பு என்று முடிவான சேதம். "தீ உன்னால்தான் வந்திருக்கும்" என்ற சந்தேகம் பாக்கியில் சேராது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அட்வான்ஸைச் சேதத்துக்கு ஈடாக எடுத்துக்கொண்டு, "இத்துடன் கணக்கு தீர்ந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் காப்பீட்டுக் கிளெய்ம் சிக்கலில் மாட்டும். ஏன் என்பதைக் கீழே காப்பீட்டுப் பகுதியில் பார்க்கலாம்.

தீ எங்கே தொடங்கியது

செய்திகளில் பெரும்பாலும் "மின்கசிவு காரணமாக" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். புகாரிலும் அதையே எழுதிவிடுகிறார்கள். ஆனால் பொறுப்பு யாருடையது என்பது அந்த மின்சாரம் வீட்டின் எந்த இடத்தில் தவறியது என்பதைப் பொறுத்தது. 2017-இன் சட்டத்தின் இணைப்புப் பட்டியல் பழுதுகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டமைப்புப் பழுதும் வீட்டின் உள், வெளி வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், கீசர் போன்றவற்றின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு.

ஒரு சாதாரண ரூம் ஹீட்டர் 2,000 வாட்ஸ். 230 வோல்ட்டில் அது சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அறையில் விளக்குக்கும் மொபைல் சார்ஜருக்கும் வைத்த சின்ன ப்ளக் பாயின்ட் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, ஹீட்டரை இரவு முழுக்க ஓடவிட்டால் சாக்கெட் மெல்லச் சூடேறும், பிளாஸ்டிக் இளகும், பக்கத்தில் இருக்கும் மரப்பலகை கருகத் தொடங்கும். எரிந்த அறையில் சாக்கெட்டின் முகப்பு உருகி, ஹீட்டரின் மூன்று முள் ப்ளக் அதிலேயே ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து சுவரில் கருமை விசிறி போல மேலே விரிந்திருந்தால், தீ கீழேயிருந்து போயிருக்கிறது. சாக்கெட் எல்லாம் முழுதாக இருந்து, சீலிங்குக்கு மேலே பழைய மரக் கேசிங்கில் ஓடிய வயரின் பாதை மட்டும் கருகிக் கிடந்தால், தீ மேலேயிருந்து வந்திருக்கிறது. முதல் காட்சி குடியிருந்தவரைக் கேள்வி கேட்கும், இரண்டாவது வீட்டுக்காரரை.

அப்போதும் முடிவு அவ்வளவு எளிதல்ல. மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று உள்ளே தடித்த கம்பியைச் சுற்றியிருந்தால், வயர் சூடானபோது அறுந்து காப்பாற்ற வேண்டியது அறுந்திருக்காது. அதை யார் சுற்றியது? குளிர்ப் பிரதேசத்தில் வீடு விடுகிறவர் ஹீட்டர் ஓடும் என்று எதிர்பார்த்து 15 ஆம்பியர் பவர் பாயின்ட் வைத்துத் தந்தாரா? வைத்துத் தராமல் ஹீட்டர் போட்டவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

குடியிருப்பவரின், அவர் வேலையாளின் தவறால் வந்த சேதம் என்றால், வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் அவர் சரிசெய்து தர வேண்டும் என்று அதே 108-ஆவது பிரிவு சொல்கிறது. சாதாரணத் தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதத்துக்கும் அவர் பொறுப்பில்லை. உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் விஷயம் குற்ற வழக்காகும். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106, 287 பிரிவுகள் கவனக்குறைவால் வரும் மரணத்தையும், தீயை அலட்சியமாகக் கையாள்வதையும் குற்றமாக்குகின்றன.

காப்பீடு: எது, எவ்வளவு, யாருக்கு

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்பது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. வீட்டில் கடையோ சிறு தொழிலோ நடந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற வேறு பாலிசி. கிருஹ ரக்ஷா தீ, இடி மின்னல், நிலநடுக்கம், நிலச்சரிவு மட்டுமல்லாமல் காட்டுத்தீயையும் சேர்த்தே காக்கிறது. சோலைக்காட்டையும் புல்வெளியையும் ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அதற்கு முன் வீடு, கடை எல்லாவற்றுக்கும் விற்ற பழைய பொதுத் தீ பாலிசியில் காட்டுத்தீக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

காப்பது கட்டடத்தை, நிலத்தை அல்ல. மலையில் சென்ட் விலை ஏறிக் கிடப்பதால், "என் வீடு 80 லட்சம் பெறும்" என்று சொல்லிக் காப்பீடு கேட்பவர்கள் உண்டு. எரிந்தாலும் நிலம் இருக்கிறது. திரும்பக் கட்ட ஆகும் செலவே காப்பீட்டுத் தொகை. கிருஹ ரக்ஷாவில் அது கட்டடத்தின் பரப்பளவையும் கட்டுமானச் செலவு விகிதத்தையும் பெருக்கி வருவது.

மறுபக்கம், குறைத்துக் காப்பீடு செய்தால் என்ன ஆகும்? திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும் கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 10 லட்சத்துக்குச் சேதம் என்றால், பொதுத் தீ பாலிசி 10 லட்சம் தராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, ஆகவே பாதி இழப்பு, 5 லட்சம். மீதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது அதன் கணக்கு. கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவு நீக்கப்பட்டிருக்கிறது. தங்கும் விடுதி, கடை வகைப் பாலிசிகளில் இன்னும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரரின் பாலிசி குடியிருந்தவரின் சாமானைக் காக்காது. கிருஹ ரக்ஷாவில் கட்டடத்தோடு தானாக வரும் சாமான் காப்பீடு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். அது பாலிசி எடுத்தவரின் சாமானுக்கு மட்டும். வீட்டுக்காரர் தந்த கட்டில், அலமாரி அதில் வரும். குடியிருப்பவரின் ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் சான்றிதழ், துணிமணி வராது. வாடகைக்கு இருப்பவர் தன் சாமானுக்கு மட்டும் இதே பாலிசியைத் தன் பெயரில் எடுக்கலாம்.

தவறு குடியிருந்தவருடையது என்றாலும் வீட்டுக்காரரின் கிளெய்ம் தள்ளுபடியாகாது. வேண்டுமென்றே வைத்த தீ அல்ல என்றால் போதும். 2023-இல் முதித் ரோட்வேஸ் வழக்கில், காப்பீடு எடுத்தவரே தீ வைக்காதவரை, தீயின் துல்லியமான காரணம் முக்கியமல்ல என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. காரணம் தெரியவில்லை என்று நிறுவனம் இழுத்தடித்தால் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம். பணம் தந்த பிறகு, வீட்டுக்காரரின் இடத்தில் நின்று குடியிருந்தவரிடம் ஈடு கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. "வீட்டுக்காரருக்குத்தான் பணம் வந்துவிட்டதே, எனக்கென்ன" என்று குடியிருந்தவர் இருந்துவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். அட்வான்ஸை எடுத்துக்கொண்டு கணக்குத் தீர்த்தால் சிக்கல் என்று மேலே சொன்னதும் இதனால்தான். நிறுவனம் யாரிடம் ஈடு கேட்கலாமோ அவரை நீங்கள் முன்பே விடுவித்துவிட்டீர்கள். இரக்கத்தால் செய்தாலும், நிறுவனத்திடம் சொல்லாமல் செய்யக்கூடாது.

வீட்டுக் காப்பீடு குடியிருப்புப் பயன்பாட்டுக்கானது. வாடகைக்கு எடுத்தவர் ரகசியமாக ஹோம்ஸ்டேயாக நடத்தினால், வார இறுதியில் அறைக்கு நான்கு பேர் தங்கினால், நிறுவனம் கேள்வி எழுப்பும். எழுத்துச் சம்மதம் இல்லாத உள்வாடகையும் வேறு பயன்பாடும் ஒப்பந்த மீறல்கள்தான். அதற்காகக் காப்பீட்டுத் தகராறு தானாகத் தீர்ந்துவிடாது. வாடகைக்கு விட்டதையும், பயன்பாடு மாறியதையும் தெரிந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. சொந்தமாகக் குடியிருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு விடுவது பிறகு கழுத்தைப் பிடிக்கும். பழைய பொதுத் தீ பாலிசியில் 30 நாட்களுக்கு மேல் வீடு ஆளில்லாமல் இருந்தால் காப்பீடு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடுகளின் சொந்தக்காரர்கள் தங்கள் பாலிசியில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பாலிசி அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால்? வாரிசுகளுக்கு வீடு சட்டப்படி இறங்கியதால் காப்பீடு முறிவதில்லை. வாரிசுச் சான்று வேண்டியிருக்கும். வீட்டை விற்றால் மட்டும் பாலிசி கூடவே போகாது. வங்கிக் கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும் என்ற பிரிவும் பெரும்பாலும் இருக்கும்.

சமையல் எரிவாயுவால் வந்த தீ என்றால் இன்னொரு வழியும் திறக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பிரீமியம் கட்டாமலே ஒரு பொதுப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கின்றன. விபத்துக்கு மூல காரணம் எரிவாயு என்றால் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, இணைப்பு பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. இணைப்பு குடியிருப்பவர் பெயரில் இருக்கும் என்பதால், அவர்தான் ஏஜென்சியில் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய ஊர் முகவரியிலேயே இணைப்பை வைத்துக்கொண்டு இங்கே சிலிண்டர் பயன்படுத்துபவர்களுக்குச் சொத்துச் சேதத் தொகை கிடைப்பது கடினம்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை கேட்டு விண்ணப்பம், காவல் நிலையத்தில் புகார், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. புகாரில் காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.
2. மின்வாரியத்தை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். மீட்டர், மெயின் போர்டு, எரிந்த சாக்கெட் எதையும் கழற்ற வேண்டாம்.
3. காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல், பின்னாலேயே மின்னஞ்சல்.
4. வீட்டுக்குள் போகும் முன் குடியிருப்பவருக்குத் தெரிவியுங்கள். 2017-இன் சட்டப்படி 24 மணி நேர எழுத்து அறிவிப்பு தேவை. இருவரும் சேர்ந்து போய், அறை அறையாகப் படம் எடுப்பதே நல்லது.
5. மழைக்குத் தார்ப்பாய். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் அகற்றாமல் இருக்க வேண்டும், அதே சமயம் சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் உங்களுக்குத்தான். திறந்த கூரை வழியாக மழையும் மூடுபனியும் இறங்கினால் எரியாத சுவரும் வீணாகும். முதலில் படம், அப்புறம் தார்ப்பாய். அதன் பில்லையும் கிளெய்மில் சேர்க்கலாம்.
6. கருகிய தேக்கு உத்தரம், தகரம் எதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதன் மதிப்பைச் சர்வேயர் கழிப்பார். இல்லாத பொருளுக்கு அவர் போடும் மதிப்போடு வாதாட முடியாது.

மலையில் திரும்பக் கட்டுவது

பொதுத் தீ பாலிசியில் புது மதிப்பில் பணம் பெற, வேலையை விபத்து நடந்த 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அல்லது நிறுவனம் எழுத்தில் தரும் கூடுதல் காலத்துக்குள். முடிக்காவிட்டால் தேய்மானம் கழித்த மதிப்புதான். சமவெளியில் ஒரு வருஷம் தாராளம். நீலகிரியில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்கு. ஈரம் காயாத மாதங்களைக் கழித்தால் கட்டட வேலைக்குக் கிடைப்பது ஆண்டில் பாதிகூட இல்லை. ஜனவரியில் எரிந்த வீட்டுக்குச் சர்வே, தொகை முடிவு, வரைபட அனுமதி எல்லாம் முடிவதற்குள் மழை வந்துவிடும். ஆகவே கூடுதல் காலம் கேட்டு முன்கூட்டியே எழுதிவைப்பது இங்கே கட்டாயம்.

அனுமதியும் எளிதல்ல. மலை நகரங்களுக்கு 1993 முதலே தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. உயரம், சரிவு, வெளித்தோற்றம் வரை பார்ப்பார்கள். பழைய வீட்டில் அனுமதியில்லாமல் கூட்டிய மாடியை நிறுவனப் பணத்தில் திரும்ப எழுப்ப முடியாது. விதி இடம் தரும் அளவுக்கு ஆகும் செலவே கிடைக்கும். மரமும் அப்படித்தான். சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டி உத்தரம் போட முடியாது, 1955-இன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். எஸ்டிமேட்டில் மரத்தை விலைக்கு வாங்குவதாகவே போட வேண்டும், லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் சேர்த்து. சமவெளி விலையில் சர்வேயர் கணக்குப் போட்டால், குன்னூர் விலைப் பில்லைக் கொடுத்து எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள்.

நிறுவனம் மறுத்தால் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே எங்கும் போங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

1. தீயால் வீடு பயன்படாமல் போனால் எந்தத் தேதியில் வாடகை நிற்கும், எத்தனை மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இருவரில் யார் விலகலாம்.
2. ஹீட்டர் எந்தப் பாயின்ட்டில் போட வேண்டும், கரி அடுப்பு உண்டா இல்லையா, கணப்பின் புகைபோக்கியைச் சுத்தம் செய்வது யார். சட்டப் பட்டியலில் புகைபோக்கி இல்லை, நீங்கள்தான் எழுத வேண்டும்.
3. வீட்டுக்காரர் தந்த சாமான்களின் பட்டியல், படத்தோடு.
4. குடியிருப்பவர் தன் சாமானுக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பாரா என்பது. எடுக்காவிட்டால், வீட்டுக்காரரின் பாலிசி அவருடைய பொருளைக் காக்காது என்று அவர் படித்துக் கையெழுத்திட்ட வரி.
5. லீஸ் தொகை என்றால், தீ விபத்துக்குப் பின் எத்தனை நாளில், எத்தனை தவணையில் திரும்பும் என்பது.
6. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்குத் தீ பரவினால் வரும் ஈட்டுக்கு உங்கள் கட்டடப் பாலிசி பதில் சொல்லாது. பொறுப்புக் காப்பீடு தனியாக எடுத்திருந்தால், அதன் எண்ணையும் இதே ஒப்பந்தத்தில் குறித்துவிடுங்கள்.